எர்த்தில் ஓடும் மின்னோட்டமும் சமமில்லாத லோடும்: மும்முனை டிரான்ஸ்ஃபார்மரில் எதை முதலில் சரிசெய்வது?

எர்த் பட்டையில் கிளாம்ப் மீட்டரை (கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டினால் 20 ஆம்பியர் காட்டுகிறது. நியூட்ரல் கம்பியின் முனை இணைப்பான லக் கருத்திருக்கிறது. எங்கோ ஓர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர்) காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே, அதாவது ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது. இதைக் கேட்டதும் புதிதாக வந்த சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் லோடை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரிக்க இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வேலை தேவைதான், ஆனால் அதை முதலில் செய்யக் கூடாது. லோடைப் பிரித்தால் நியூட்ரலில் ஓடுவது குறையும். அதோடு சேர்ந்து எர்த்தில் ஓடுவதும் குறையும். பழுது அங்கேயே இருக்கும், மீட்டருக்கு மட்டும் தெரியாமல் போய்விடும். அடுத்த சீசனில் இயந்திரங்களை இடம் மாற்றும்போது திரும்பவும் தலைகாட்டும்.

லோடு சமமில்லாவிட்டால் மிச்ச மின்னோட்டம் நியூட்ரல் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும். அது இயல்பு, அளவு மிஞ்சினால்தான் தொல்லை. எர்த் கம்பியிலோ சாதாரண நேரத்தில் எதுவும் ஓடக் கூடாது. பல ஆம்பியர் ஓடுகிறது என்றால் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்க வேண்டிய ஓர் இடமான டிரான்ஸ்ஃபார்மர் முனையைத் தவிர இரண்டாவது இடத்திலும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது யாரோ எர்த்தையே நியூட்ரலாக எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். எர்த் நோயை முதலில் தீர்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பின்னலாடை யூனிட்டின் எண்களையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். சொந்த டிரான்ஸ்ஃபார்மர்: 250 கே.வி.ஏ., 11,000/433 வோல்ட், டெல்டா-ஸ்டார் (உயரழுத்தச் சுருள்கள் வளையமாகவும், தாழ்வழுத்தச் சுருள்கள் நியூட்ரலான ஒரு பொது முனையிலும் சேர்ந்தவை). தாழ்வழுத்தப் பக்கம் முழு லோடு மின்னோட்டம் 333 ஆம்பியர்.

1. தொடங்கும் முன்

ட்ரூ ஆர்.எம்.எஸ். வகை கிளாம்ப் மீட்டர் வேண்டும். மலிவான மீட்டர் ஒழுங்கான சைன் அலை என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும், எல்.இ.டி. விளக்கும் யு.பி.எஸ்.ஸும் நிறைந்த இடத்தில் நியூட்ரலைக் குறைத்துக் காட்டும். அதிர்வெண்ணையும் காட்டும் மீட்டராக இருந்தால் ஏழாம் படியில் உதவும்.

மூன்று நான்கு கனமான கேபிள்களை ஒன்றாகச் சுற்றி அளக்க, கயிறு போல வளையும் காயில் வேண்டும். பெரிய மின்னோட்டத்துக்கு அது நல்லது; ஓர் ஆம்பியருக்குக் கீழே அதை நம்பாதீர்கள், அங்கே சிறிய வாயுள்ள கிளாம்ப்தான் சரி. 500 வோல்ட் மெகர் (காப்பு எதிர்ப்பை அளப்பது), கையுறை, மணி போட்டு எழுத ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

உயிரோடு இருக்கும் பேனலைத் திறந்து அளப்பது உரிமம் உள்ளவர் செய்யும் வேலை. அப்போதும் துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும். லோடு ஓடும்போது நியூட்ரலையோ எர்த்தையோ எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. அதன் காரணம் நான்காம் படியில் வருகிறது.

2. ஒரே இடத்தில், ஒரே லோடில் அளத்தல்

அளக்கும் இடம் மெயின் பேனலின் இன்கமர் (டிரான்ஸ்ஃபார்மர் கேபிள் வந்து சேரும் மெயின் பிரேக்கர்). அதாவது டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டார் முனையில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் இணைப்பைத் தாண்டி, லோடு பக்கம். இணைப்புக்கு முன்னால் அளந்தால் எர்த்தில் திரும்பியதும் நியூட்ரலோடு கலந்துவிடும். பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பிறகு மூன்றையும் ஒன்றாகச் சுற்றி ஓர் அளவு: நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்து சுமக்க வேண்டியது இவ்வளவுதான். மூன்றாவது, நியூட்ரல் மட்டும். நான்காவது, நியூட்ரலையும் சேர்த்து நான்கையும் ஒன்றாகச் சுற்றி. இந்தக் கடைசி எண் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அளவு மின்னோட்டம் கேபிளை விட்டு வெளியேறி வேறு வழியில் திரும்புகிறது.

எங்கள் யூனிட்டில் காலை 11 மணிக்குக் கிடைத்தவை: ஆர் 180, ஒய் 120, பி 90. மூன்றும் சேர்ந்து 84. நியூட்ரல் 62. நான்கும் சேர்ந்து 22.

இங்கே எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஆர்மர் கேபிளை (மேலே உலோகக் கம்பிக் கவசம் உள்ளது) வெளியிலேயே சுற்றி அளந்துவிட்டு, சுழியம் வருகிறது, எல்லாம் நலம் என்று போய்விடுவார்கள். எர்த் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த ஆர்மர் கம்பிகள் வழியாகவே திரும்பி வரும். வெளியிலிருந்து சுற்றினால் போனதும் வந்ததும் கழிந்துவிடும். கேபிள் பேனலுக்குள் நுழையும் கிளாண்டைத் தாண்டி, கோர்கள் (கேபிளின் உள் கம்பிகள்) பிரிந்து நிற்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

3. கணக்கோடு ஒப்பிடுதல்

மூன்று ஃபேஸின் மின்னோட்டமும் தெரிந்தால் நியூட்ரல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டுங்கள். இரண்டிரண்டாகப் பெருக்கி அந்த மூன்று பெருக்கல்களையும் கூட்டிக் கழியுங்கள். மிச்சத்துக்கு வர்க்கமூலம். பவர் ஃபேக்டர் (மின்னோட்டம் வோல்டேஜோடு எவ்வளவு ஒத்து ஓடுகிறது என்பதன் அளவு) மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் இது பொருந்தும்.

32,400 + 14,400 + 8,100 = 54,900. பெருக்கல்கள்: 21,600 + 10,800 + 16,200 = 48,600. மிச்சம் 6,300, வர்க்கமூலம் 79.

கணக்கில் 79, மீட்டரில் 84. ஐந்து ஆம்பியர் வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 50 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. 84-இன் வர்க்கத்திலிருந்து 79-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் ஏறத்தாழ 28 ஆம்பியர். பவர் ஃபேக்டர் வித்தியாசமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் மூன்றாம் ஹார்மானிக் (50 ஹெர்ட்ஸின் மும்மடங்கான 150 ஹெர்ட்ஸில் ஓடும் மின்னோட்டம்) இருக்கிறது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

உயரழுத்தப் பக்கத்து மீட்டரைப் பார்த்து லோடு சமமா என்று முடிவு கட்ட வேண்டாம். டெல்டா அதை உருமாற்றிவிடும். இந்த டிரான்ஸ்ஃபார்மரில் சுற்று விகிதம் 44. கீழே ஒரே ஒரு ஃபேஸில் 88 ஆம்பியர் எடுத்தால் மேலே இரண்டு லைன்களில் 2 ஆம்பியர் ஓடும். மூன்றாவது சும்மா இருக்கும். மூன்று ஃபேஸிலும் சமமாக இருக்கும் மூன்றாம் ஹார்மானிக் அங்கே தெரியவே தெரியாது. டெல்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு சுருளைச் சூடாக்கும்.

4. எர்த்தில் திரியும் நியூட்ரலைப் பிடித்தல்

எங்கள் 22 ஆம்பியரைத் தேடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தேன். செய்த தவறு இதுதான்: எர்த் பட்டையில் கிளாம்பை மாட்டிவிட்டு ஒவ்வொரு ஃபீடராக (மெயின் பேனலிலிருந்து துணை போர்டுக்குப் போகும் லைன்) அணைத்துப் பார்த்தேன். எதை அணைத்தபோது 22 மறைகிறதோ அதுதான் திருடன் என்று நினைத்தேன். ஒவ்வொன்றை அணைத்தபோதும் எண் கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது. எதிலும் மறையவில்லை.

காரணம், ஃபீடர்களின் பிரேக்கர்களான எம்.சி.சி.பி.க்கள் பெரும்பாலும் மூன்று துருவம் கொண்டவை. ஃபேஸை வெட்டும், நியூட்ரலை வெட்டாது. பழுதுள்ள போர்டை அணைத்த பிறகும் அதன் நியூட்ரல் கம்பி மெயின் நியூட்ரல் பாரில் இணைந்தே இருக்கும். மற்ற போர்டுகளின் மின்னோட்டம் மெயின் பாருக்கு வந்து, அங்கிருந்து அந்த நியூட்ரல் கம்பியில் இறங்கி, போர்டில் எர்த்துக்குத் தாவி, எர்த் வழியாகத் திரும்பும். குற்றவாளியை உறங்க வைத்தாலும் அவன் வீட்டு வழியாகப் போக்குவரத்து நிற்காது.

ஆகவே எதையும் அணைக்காமல், லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஃபீடரின் நான்கு கோர்களையும் ஒன்றாகச் சுற்றி அளந்துகொண்டே வாருங்கள். நல்ல ஃபீடர் சுழியத்தை ஒட்டிக் காட்டும். யு.பி.எஸ்., வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போன்றவற்றின் ஃபில்டர்கள் இயல்பாகவே சில மில்லி ஆம்பியரை எர்த்தில் விடும். அதைத் துரத்த வேண்டாம். பத்து, இருபது ஆம்பியர் காட்டும் ஃபீடரைப் பிடித்து அதன் துணை போர்டுக்குப் போங்கள். அங்கேயும் இதே வேலை. ஒரு மணி நேரத்தில் இடம் கிடைத்துவிடும்.

துணை போர்டில் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். நீளமான கேபிளில் மின்னோட்டம் ஓடினால் நியூட்ரலில் ஒன்றிரண்டு வோல்ட்டாவது இழப்பு இருந்தே தீரும். தூரத்துப் போர்டில், நல்ல லோடில் 0.0 காட்டினால் மகிழ வேண்டாம்: பக்கத்தில் எங்கோ இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 10 வோல்ட்டைத் தாண்டினால் நேர்மாறு, நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

எங்களுக்கு 0.0 காட்டியது முதல் மாடித் தையல் பிரிவின் விளக்கு போர்டு. கதவைத் திறந்து டார்ச் அடித்தபோது, நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையில் ஒரு சாண் பச்சைக் கம்பி. இரண்டு முனையிலும் லக் அழுத்தி, ஒழுங்காக முறுக்கி, மிக நேர்த்தியாகப் போட்டிருந்தார்கள். அந்த நேர்த்திதான் என்னை நிறுத்தியது. யாரோ தெரிந்தே போட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு காரணத்துக்காக.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அந்தக் கம்பியைக் கழற்றக் கூடாது. அந்தப் போர்டுக்கு வரும் நியூட்ரல் வழியில் எங்கோ அறுந்திருக்கலாம். அதைச் சமாளிக்கத்தான் இந்தக் கம்பியையே போட்டிருக்கலாம். அப்படியானால் திரும்பும் மின்னோட்டம் முழுவதும் எர்த்தில்தான் போய்க்கொண்டிருக்கும். கழற்றிய நொடியில் போர்டுக்கு நியூட்ரலே இல்லாமல் போகும்.

அப்போது நடப்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆர் ஃபேஸில் 23 ஓம் லோடு, அதாவது 10 ஆம்பியர். ஒய் ஃபேஸில் 230 ஓம், அதாவது 1 ஆம்பியர். நியூட்ரல் போனதும் இரண்டும் தொடராக 398 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். கனமான லோடுக்கு 36 வோல்ட், லேசான லோடுக்கு 362 வோல்ட். ஒய் ஃபேஸில் இருந்த விளக்கும் கணினியும் புகைந்துவிடும்.

எனவே முதலில் அந்த ஃபீடரின் நியூட்ரல் கோரில் மின்னோட்டம் ஓடுகிறதா என்று கிளாம்பில் பாருங்கள். பிறகு மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி, இரு முனையிலும் கழற்றி, தொடர்ச்சியைச் சோதியுங்கள். நியூட்ரல் நலமாக இருந்தால் மட்டும் கள்ள இணைப்பை எடுங்கள். எடுத்த பின், எலெக்ட்ரானிக் கருவிகளையும் சர்ஜ் அரெஸ்டரையும் பிரித்துவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மெகர் போடுங்கள். ஒரு மெகாஓமுக்கு மேல் வர வேண்டும். எங்கள் இடத்தில் நியூட்ரல் நலமாகவே இருந்தது. என்றோ பழுதாகிச் சரிசெய்த பின் கம்பியை எடுக்க மறந்திருந்தார்கள்.

ஒன்றை எடுத்ததும் மெயின் பேனலுக்குத் திரும்பி மறுபடி அளந்து பாருங்கள். இப்படி ஒன்று இருக்கும் கட்டடத்தில் இரண்டாவதும் இருப்பதுதான் வழக்கம். எங்களுக்கு 22 குறைந்து 4-இல் நின்றது. மிச்சம் ஒரு கழிப்பறை சர்க்யூட்டில்: நியூட்ரல் கிடைக்காமல் எர்த்தையே நியூட்ரலாக எடுத்திருந்தார்கள். அதை மாற்றியதும் 0.3.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், இன்னும் இரண்டு எர்த் பிட் தோண்டலாமே என்பார். தோண்டினால் எதுவும் மாறாது. இந்த மின்னோட்டம் மண்ணில் ஓடவில்லை, பட்டையிலும் ஆர்மரிலும் ஓடுகிறது. மண் எவ்வளவு சுமக்கும் என்பதையும் பாருங்கள்: இரு பக்கமும் 2 ஓம் பிட் வைத்தாலும் 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57 ஆம்பியர்தான். 100 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையாது. பழுது நேரத்தில் பாதுகாப்பது உலோகப் பாதை. பிட்டுகள் ஸ்டார் முனையின் அழுத்தத்தைப் பூமியோடு கட்டி வைப்பவை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் நியூட்ரலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகளைக் கேட்கின்றன. அவை டிரான்ஸ்ஃபார்மர் முனைக்கு உரியவை. மாடியில் பச்சைக் கம்பி போட அவை அனுமதி அல்ல.

5. நியூட்ரல் பாதையை உறுதிசெய்தல்

இதுவரை எர்த் பகிர்ந்துகொண்டிருந்த சுமை இனி முழுவதும் நியூட்ரலுக்கு வரும். எங்களுக்கு 62-ஆக இருந்தது 84 ஆனது. பலவீனமான லக் இப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் அதே நாளில் இதையும் முடித்துவிடுங்கள்.

லோடு ஓடும்போது ஒவ்வொரு நியூட்ரல் லக்கின் குறுக்கேயும் மில்லிவோல்ட் பாருங்கள். ஒரே மின்னோட்டம் ஓடும் இணைப்புகளில் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதைத் திறக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்திய பிறகு. அலுமினியக் கேபிளைச் செப்புப் பாரில் நேரடியாக மாட்டியிருந்தால் பைமெட்டல் லக்காக மாற்றுங்கள். நியூட்ரலில் ஃபியூஸோ தனியாகத் திறக்கும் ஸ்விட்சோ இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

கேபிள் மூன்றரை கோர் என்றால் நியூட்ரல் ஃபேஸைவிட மெல்லியது. 185 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 95. ஃபேஸுக்கான ஆம்பியரை நியூட்ரலுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

6. இப்போது லோடைப் பிரிக்கலாம்

இணைப்பு லோடின் கிலோவாட் பட்டியலை வைத்துப் பிரிப்பது வீண். அயர்ன் பாக்ஸ் காலையில், மெஸ் மதியம், முற்றத்து விளக்கு இரவில் ஓடும். காலை, மதியம், மாலை, இரவு நான்கு நேரமும், குறைந்தது மூன்று வேலை நாள், ஒருமுனை போர்டுகளை அளந்து எழுதுங்கள். மும்முனை மோட்டார்களைத் தொட வேண்டாம். அவை நியூட்ரலைப் பயன்படுத்துவதில்லை.

விளக்கு விளக்காக மாற்றாமல் போர்டு போர்டாக மாற்றுங்கள். நாங்கள் ஆர் ஃபேஸிலிருந்த அயர்னிங் போர்டு ஒன்றை, 45 ஆம்பியர், பி ஃபேஸுக்கு மாற்றினோம். ஆர் 135, ஒய் 120, பி 135. மூன்றாம் படிக் கணக்கைப் போட்டால் நியூட்ரல் 15. ஒரே ஒரு மாற்றம்தான்.

மாற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு சர்க்யூட்கள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வயரிங். வெவ்வேறு ஃபேஸில் இருக்கும்போது அவை ஓரளவு கழித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே ஃபேஸில் போட்டால் அந்த மெல்லிய நியூட்ரலில் இரண்டும் கூடிவிடும். பிரேக்கர் ஃபேஸை மட்டுமே பார்ப்பதால் விழாது. சுவருக்குள் கம்பி கருகும். நியூட்ரல் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மோட்டார்களுக்கு வரும் வோல்டேஜையும் மறுபடி பாருங்கள். மூன்று லைன் வோல்டேஜின் சராசரியிலிருந்து அதிகம் விலகியதை சராசரியால் வகுத்தால் ஏற்றத்தாழ்வு சதவீதம். 415, 408, 400 என்றால் 1.9. ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். வோல்டேஜில் சிறிய விலகல் மோட்டார் மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகும்.

7. பிரித்த பிறகும் மிஞ்சுவது

நியூட்ரலில் 15 வரும் என்று கணக்கு சொன்னது. மீட்டர் 32 காட்டியது. மூன்றாம் படியில் குறித்த அந்த 28 ஆம்பியரை இதோடு வர்க்கமாகக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். மீட்டரை அதிர்வெண்ணுக்கு மாற்றியதும் 150 ஹெர்ட்ஸ்.

மூன்றாம் ஹார்மானிக் மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடும். ஃபேஸுக்கு 20 ஆம்பியர் இருந்தால் நியூட்ரலில் 60. லோடை எந்த ஃபேஸுக்கு மாற்றினாலும் அது போகாது. இதற்கு மருந்து, முழு அளவு அல்லது இரட்டை நியூட்ரல். அதற்கும் மேலே போனால் ஜிக்ஜாக் டிரான்ஸ்ஃபார்மர் (மூன்றாம் ஹார்மானிக்குக்கு அருகிலேயே திரும்பும் வழி தருவது) அல்லது ஃபில்டர். எங்களுக்கு 32 ஆம்பியரை இருக்கும் நியூட்ரலே தாங்கும்; செலவு தேவைப்படவில்லை. மும்முனை டிரைவ்களின் மேல் பழி போடாதீர்கள்: அவை தருவது ஐந்தாவதும் ஏழாவதும், அவை நியூட்ரலுக்கு வருவதில்லை.

8. ஜெனரேட்டர் இருந்தால்

ஜெனரேட்டரின் நியூட்ரலும் எர்த் செய்யப்பட்டிருக்கும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் மூன்று துருவமாக இருந்தால் இரண்டு நியூட்ரல்களும் எப்போதும் இணைந்தே இருக்கும்: நான்காம் படியில் விரட்டிய கள்ள இணைப்பை நீங்களே நிரந்தரமாகக் கட்டி வைத்தது போல. நான்கு துருவ ஸ்விட்சாக மாற்றி, ஜெனரேட்டர் ஓடும்போது இரண்டாம் படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

9. எர்த் ஃபால்ட் ரிலே

எர்த்துக்குப் பழுது மின்னோட்டம் போனால் மெயின் பிரேக்கரை விழவைக்கும் கருவி இது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முந்தைய பழுதுகள் தீராமல் ரிலே செட்டிங்கைத் தொட்டால் பழுதுக்கு ஏற்றபடி ரிலேயை வளைத்துவிடுவீர்கள். இந்த யூனிட்டிலும் அதுதான் நடந்திருந்தது. இன்கமரில் 400/5 சி.டி. (மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேவுக்குக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மூன்று, ஃபேஸுக்கு ஒன்று. 20 சதவீத செட்டிங் என்றால் 80 ஆம்பியர். மூன்று ஃபேஸின் கூட்டு 84 என்பது நினைவிருக்கும். பழுதே இல்லாமல் ரிலே விழுந்தது. தொல்லை தாங்காமல் யாரோ செட்டிங்கை 40 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள்.

நான்கு கம்பி அமைப்பில் மூன்று சி.டி. மட்டும் போட்டால் ரிலே நியூட்ரல் லோடையே எர்த் ஃபால்ட் என்று படிக்கும். நியூட்ரலில் நான்காவதாக, அதே விகிதத்தில், சரியான துருவத் திசையில் ஒரு சி.டி. சேர்க்க வேண்டும். திசை தலைகீழானால் கழிவதற்குப் பதில் கூடும். லோடு ஏறியதும் ரிலே விழுந்து அதைச் சொல்லிவிடும். நாங்கள் அதைச் சேர்த்து, செட்டிங்கை 20-க்கு இறக்கி, பேனல் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டினோம்: காலை 11 மணி, ஆர் 135, ஒய் 120, பி 135, நியூட்ரல் 32, நான்கும் சேர்ந்து 0.3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மணியில் அளந்து அடியில் எழுதுகிறார்கள்.